கத்திக்காரன், ஒன்பதாம் பாகம்

'கத்திக்காரன்' ஒன்பதாம் பாகத்தைச் செழியனும் அவன் மனைவி நிறைமதியும் வீட்டில் பார்த்தார்கள். மனதின் பயத்தைப் படிக்கும் பட்டையைக் கையில் கட்டியிருப்பவர் யாரை இழக்கப் பயப்படுகிறாரோ, அவரைத்தான் படத்தில் கொலைகாரன் துரத்துவான்; அந்தப் பயம் இருக்கும்வரைதான் துரத்தல் நீளும். முந்தைய பாகங்களில் செழியன் பட்டை கட்டும்போதெல்லாம் திரையில் ஓடியவள் நிறைமதிதான்.

இந்த முறையும் பட்டை செழியன் கையில்தான் இருந்தது; ஆனால் திரையில் அவள் முதல் காட்சியிலேயே குத்துப்பட்டு விழுந்தாள். செழியன் முறுக்கு தின்றுகொண்டிருந்தான். அதன்பிறகு துரத்த ஆளில்லாமல், கொலைகாரன் காலி வீட்டில் அறை அறையாக அலைந்தான். படம் அப்படியே முடிந்தது.

“சப்புன்னு எடுத்திருக்காங்க” என்றான் செழியன்.

“எடுத்தவங்களைக் குறை சொல்லாதீங்க.” நிறைமதி கையை நீட்டினாள். “பட்டையைக் கொடுங்க. நான் கட்டிக்கிட்டு ஒரு தடவை பார்க்கறேன்.”

செழியன் மணிக்கட்டைப் பொத்திக்கொண்டான்.

“இன்னொரு நாள் பார்க்கலாம், மதி.”

அவள் கையை இறக்கவில்லை.