கயலின் ஆட்டம்

ஜெனிட்டா கூடைப்பந்து அணிக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. தூரத்திலிருந்து குறி தவறாமல் பந்து போடுவாள் என்பதற்காகவே அவளை எடுத்திருந்தார்கள். தான் போடாமல் மற்றவர்களுக்குப் பந்தைக் கொடுத்து ஆட்டத்தை நடத்திச் செல்லும் கயல்விழிக்கு முழங்கால் பிசகியதும் பயிற்சியாளர் ஜெனிட்டாவைக் கூப்பிட்டார்.

"நாலு மேட்ச்தான்மா. கயலோட ஆட்டத்த உனக்குள்ள ஏத்திடுவாங்க. அப்புறம் எடுத்துடலாம்."

காதுக்குப் பின்னால் சின்னத் தகடு ஒன்றைப் பொருத்தினார்கள். யார் எங்கே ஓடுகிறார்கள் என்பது திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. நான்கு ஆட்டங்களிலும் அணி வென்றது. கயல் குணமாகி வந்ததும் தகட்டைக் கழற்றிவிட்டார்கள்.

அடுத்த ஆட்டத்தில் ஜெனிட்டா வளையத்துக்கு எதிரே தனியாக நின்றாள். கயல் பந்தை அவளிடம் எறிந்துவிட்டு, "போடுடி!" என்று கத்தினாள். ஜெனிட்டாவின் கைகள் அதைக் கயலிடமே திருப்பிக் கொடுத்தன. மூன்று முறை அப்படியே நடந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"போடணும்னுதான் சார் நினைக்கிறேன். கை கேக்க மாட்டேங்குது."

பயிற்சியாளர் வேறொருத்தியை இறக்கினார்.

மறுநாள் காலை ஜெனிட்டா ஆளில்லாத மைதானத்துக்குப் போய், வளையத்தைப் பார்த்துப் பந்தை உயர்த்தினாள். கைகள் அதைப் பக்கவாட்டில் வீசின. வாங்க யாருமில்லாமல் பந்து சுவர்வரை உருண்டு போய் நின்றது.