பச்சோந்தி குடித்த தண்ணீர்

கடையிலிருந்த மூன்று பச்சோந்திகளில் பளிச்சென்றிருந்த இரண்டையும் விட்டுவிட்டு, ஒரு கண்ணால் தன்னையும் மறு கண்ணால் கணவர் தாவீதையும் ஒரே நேரத்தில் பார்த்ததைத்தான் எஸ்தர் தேர்ந்தெடுத்தாள். கூண்டுக்குள் செம்பருத்திச் செடி வைத்தாள். கிண்ணம் நிறையத் தண்ணீரும் வைத்தாள். நான்கு நாளாகியும் அது கிண்ணத்தின் பக்கமே திரும்பவில்லை. நிறம் மங்கி, கண்கள் குழிக்குள் போயின.

“கடைக்கே குடுத்துரலாம் எஸ்தர். நம்ம வீட்ல ஒரு உசுரு போக வேணாம்” என்றார் தாவீது.

ஐந்தாம் நாள் காலை தலைக்குக் குளித்தவள், துவட்டக்கூட நிற்காமல் வந்து கூண்டைத் திறந்து குனிந்தாள். கூந்தல் நுனியிலிருந்து ஒரு சொட்டு இலையில் விழுந்து உருண்டது. பச்சோந்தி மெல்ல நகர்ந்து வந்து அதை நக்கியது. அடுத்த சொட்டையும் நக்கியது. கிண்ணத்தில் கிடப்பது அதற்குத் தண்ணீரே இல்லை. மேலிருந்து விழுவதுதான் தண்ணீர். தன் தலைமுடி எந்தக் காட்டின் மழையோ என்று எஸ்தர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் சொட்டு நின்றுபோனது. அவள் நிமிரவில்லை. “என்னங்க…” என்று மட்டும் கிசுகிசுத்தாள்.

தாவீது செம்பில் தண்ணீர் மொண்டு வந்து, அவள் தலையில் மெதுவாக ஊற்றினார். பச்சோந்தி குடிப்பதை நிறுத்தாமல், ஒரு கண்ணை மட்டும் அவர் பக்கம் திருப்பியது.