வால் முளைக்குமா?

கதவிடுக்கில் வால் அறுந்த நாளிலிருந்து பல்லிக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுபடி முளைக்குமா, முளைக்காதா?

அறிவியல் கூடத்துச் சுவரில் ஒரு தொடுதிரை எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும். பல்லி அதில் ஏறிக் கால் வைத்தாலே போதும், இணையத்தில் ஏதாவது ஒரு பக்கம் திறந்துகொள்ளும். அப்படித்தான் 'பல்லியின் வால் எப்படி வளர்கிறது' என்ற பக்கம் கிடைத்தது. இரண்டு வரி படிப்பதற்குள் ஓரத்தில் ஒரு நட்சத்திர மீன் தெரிந்தது. அதற்குக் கை போனாலும் முளைக்குமாம். பல்லி அதைத் தொட்டது. அங்கிருந்து ஆழ்கடலுக்குப் போனது, ஆழ்கடலிலிருந்து எரிமலைக்கு, எரிமலையிலிருந்து வியாழனின் நிலவுக்கு.

திரையின் மூலையில் வலை கட்டியிருந்த சிலந்தி அவ்வப்போது கேட்கும். "என்னண்ணே, வால் முளைக்குமாமா?"

"அந்தப் பக்கத்தைத் தொறந்துதான் வெச்சிருக்கேன். இதை முடிச்சுட்டு வர்றேன்."

ஒருநாள் மூக்குக்கு நேரே கொசு வந்து உட்கார்ந்தது. படத்தை மறைக்கிறது என்று பல்லி அதை விரட்டிவிட்டது.

மழைக்காலம் வந்து போனது. சிலந்திக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, கொஞ்சம் திரும்பிப் பாருங்க. உங்களுக்கு வால் முளைச்சு எவ்வளவோ நாளாச்சு."

பல்லி திரும்பவில்லை. அப்போதுதான் சனியின் வளையம் திறந்துகொண்டிருந்தது.

"அப்படியா? அதைச் சேமிச்சு வை, அப்புறமா படிச்சுக்கிறேன்" என்றது.