தொத்திக்கொண்ட சொத்தை

"என்னப்பா, விரல்ல மை இருக்கே. ஏற்கெனவே ஓட்டுப் போட்டுட்டியா?" என்றார் அழகியமணவாளன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்து வாக்குச்சாவடிக்குத் தேர்தல் வேலையாக வந்திருந்த அதிகாரி அவர்.

"மை இல்லைய்யா, நகச்சொத்தை" என்று கறுத்துப்போன ஆட்காட்டி விரலை நீட்டினான் தவசிமுத்து. "ஓட்டல்ல மாவாட்டுதேன். எந்நேரமும் ஈரக் கைதான்."

அவனுக்குப் பின்னால் நின்ற டாக்டர் ஞானதுரை தலையை நீட்டினார்.

"உண்மைதான் சார். நான்தான் வைத்தியம் பாக்கேன். ஈரத்துல ஊறுன நகத்துக்கு அடியில பூஞ்சை புகுந்துரும். நகம் தடிச்சுக் கறுத்துப் போகும். புது நகம் வளர்ந்து வர ஆறு மாசம் ஆகும்."

டாக்டரே சொன்ன பிறகு என்ன சந்தேகம்? தவசிமுத்துவின் நடுவிரலில் மை வைத்து உள்ளே அனுப்பினார் அழகியமணவாளன்.

அடுத்து டாக்டர் கையை நீட்டினார். அதே விரல், அதே கறுப்பு.

"உங்களுக்குமா?"

"இவன் கையைப் பிடிச்சுத்தானே வைத்தியம் பாத்தேன்? தொத்திருச்சு."

அழகியமணவாளன் எழுந்து வரிசையைப் பார்த்தார். வாசல் வரை நின்ற அத்தனை பேரும் கறுத்த விரலை உயர்த்திக் காட்டினார்கள்.

"அம்புட்டுப் பேரும் என் பேஷண்டுதான் சார்" என்றார் டாக்டர்.

டாக்டருக்குப் பின்னால் நின்ற பரிபூரணத்திடம் அதிகாரி கேட்டார். "ஏம்மா, உனக்கு இது எத்தனை நாளா இருக்கு?"

டாக்டர் கண்ணைக் காட்டுவதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"இன்னைக்குக் காலையிலதான் சார். பக்கத்து பூத்துல தொத்துச்சு."