வித்தியாசம் பூஜ்யம்

வித்தியாசங்கள் பூஜ்யம் என்றது கம்ப்யூட்டர்.

பாமா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். பூஜ்யம்தான். முன்பெல்லாம் பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து வரும். குறைந்து குறைந்து, இந்த வாரம் முழுக்க ஒன்றுகூட இல்லை. வேறு யாராவதாக இருந்தால் எல்லோருக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்திருப்பார்கள். பாமாவுக்குச் சந்தேகம் வந்தது.

ஹைதராபாத் முழுக்க அமெரிக்கக் கம்பெனிகளுக்கு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. இவர்கள் மட்டும் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் உட்கார்ந்து, பழைய தமிழ்ப் புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழுவுக்குத் தலைவி பாமா.

ஒரே பக்கத்தை இரண்டு பேர், ஒருவரோடு ஒருவர் கலந்துகொள்ளாமல், தனித்தனியாக டைப் அடிக்க வேண்டும். இரண்டும் எங்கே வேறுபடுகிறது என்று கம்ப்யூட்டர் காட்டும். புத்தகத்தைப் பார்த்து எது சரி என்று தீர்ப்பது வேதவல்லியின் வேலை. அன்றைய வித்தியாசங்களை அன்றே தீர்த்த பிறகுதான் அவள் வீட்டுக்குப் போகலாம். இது பாமா போட்ட சட்டம்.

டைப் அடிக்கிற இரண்டு பேரையும் பாமா பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருந்தாள். லாலாகுடாவிலிருந்து வரும் ஸ்டெல்லாவுக்கும் போலாரத்திலிருந்து வரும் தேவராஜுக்கும் ஆகவே ஆகாது. ஸ்டெல்லா கொண்டுவந்த கிறிஸ்துமஸ் கேக்கைத் தேவராஜ் கல்லோ என்று மேஜையில் தட்டிப் பார்த்த நாளிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. ஒருவர் லிஃப்டில் ஏறினால் மற்றவர் படியில் போவார். கலந்துகொள்ள மாட்டார்கள் என்பதற்கு இதைவிட என்ன உத்தரவாதம் வேண்டும்?

ஆனால் இப்போது பூஜ்யம். யாரோ யாரையோ பார்த்துக் காப்பி அடிக்கிறார்கள்.

நாளைக்கு டைரக்டர் வருகிறார். விஷயம் தெரிந்தால் இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். திருடியது யார் என்று தெரிந்தால், மற்றவரையாவது காப்பாற்றலாம்.

விசாரித்ததில் துப்பும் கிடைத்தது. ஸ்டெல்லா தினமும் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுகிறாள் என்றார் வாட்ச்மேன். தேவராஜ் மத்தியானம் சாப்பிடவே வருவதில்லை, ஆளில்லாத அறையில் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றார் கேன்டீன்காரர்.

முதலில் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டாள்.

"யாரும் இல்லாத நேரத்துல வந்து என்ன பண்றீங்க ஸ்டெல்லா? தேவராஜ் ஃபைலைத் திறந்து பாக்கறீங்களா?"

"நானா? அந்த ஆள் ஃபைலையா? நக்கோ மேடம், வேண்டவே வேண்டாம்! அவர் நிழல்கூட எனக்கு நக்கோ."

"அப்புறம் கைக்கு, எதுக்கு அவ்வளவு சீக்கிரம் வர்றீங்க?" என்று பாமாவும் அதே செகந்திராபாத் தமிழில் கேட்டாள்.

"முந்தின நாள் அடிச்சதைப் புத்தகத்தோட வெச்சுப் படிச்சுத் திருத்திட்டுத்தான் அனுப்பறேன். அது தப்பா?"

"யார் உங்களைச் செய்யச் சொன்னது?"

ஸ்டெல்லா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வேதவல்லிக்குக் கைக்குழந்தை இருக்குல்ல மேடம். வித்தியாசம் நிறைய வந்தா, ராமச்சந்திராபுரம் போற நேர் பஸ்ஸை விட்டுடுது. ரெண்டு பஸ் மாறி வீட்டுக்குப் போறதுக்குள்ள குழந்தை அழுது தூங்கிடுதாம். எல்லாம் என் தப்பாலதானேன்னு மனசு கேக்கல. அந்த ஆளுக்கு வாய்தான் சுத்தமில்ல. டைப்பிங் சுத்தம்."

பாமாவுக்கு மனசு உருகிப்போனது. கூடவே தேவராஜ் மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்தப் பெண் விடியற்காலையில் எழுந்து ஓடிவந்து திருத்தி வைக்கிறாள். அவர் அதை நோகாமல் பார்த்து அடிக்கிறாரா? வரட்டும்!

பட்டாளத்தில் கிளார்க்காக இருந்தவர் தேவராஜ். வந்து விறைப்பாக நின்றார்.

"உங்க குட்டு வெளிப்பட்டாச்சு தேவராஜ். மத்தியானம் சாப்பிடாம உக்காந்து, ஸ்டெல்லா ஃபைலைப் பாத்துத்தானே திருத்தறீங்க?"

"ஐயய்யோ, இல்லைங்க மேடம்! நான் அடிச்சதைத்தான் புத்தகத்தோட ஒத்துப் பாக்கறேன்."

"எதுக்கு?"

"ஸ்டெல்லாம்மாவுக்குக் கோபம்தான் வரும், தப்பு வராதுங்க. வித்தியாசம் வந்தா அது என்னாலதான். நான் விடற தப்புக்கு வேதவல்லிப் பொண்ணு பஸ்ஸை விட்டுட்டு நிக்குது. வீட்ல பச்சைக் குழந்தை வேற. சாப்பாடு உள்ளயே இறங்கலைங்க."

பாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அடக்க அடக்கச் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. நாளைக்கு டைரக்டர் வந்தால் வரட்டும், இரண்டு பேரைப் பற்றியும் பெருமையாகச் சொல்லலாம்.

"அதுக்காகப் பட்டினி கிடப்பாங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மீதியை நாளைக்குப் பாரும்மான்னு அவளை அனுப்பியிருப்பேனே!"

தேவராஜ் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார்.

"அந்தப் பொண்ணு கேட்டுச்சாம் மேடம். வீட்டுக் கதையெல்லாம் இங்க வேண்டாம்னு நீங்கதான் சொன்னீங்களாம்."

அவர் வெளியே போய்விட்டார். பாமா நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொன்னது ஞாபகம் வந்தது. சொன்னபோது அந்தப் பெண்ணின் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை என்பதும் ஞாபகம் வந்தது.

எழுந்து வேதவல்லியின் இடத்துக்கு ஓடினாள். நாற்காலி காலி. தீர்க்க வேலை இல்லாததால் அவள் எப்போதோ கிளம்பியிருந்தாள்.

ஹாலின் இந்தக் கோடி ஜன்னலில் ஸ்டெல்லா நின்றாள். அந்தக் கோடி ஜன்னலில் தேவராஜ். ஒருவரை ஒருவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இரண்டு பேர் கண்ணும் கீழே, பஸ்ஸைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்த வேதவல்லி மேல் இருந்தது.

நடு ஜன்னல் காலியாக இருந்தது. பாமா அங்கே போய் நின்றுகொண்டாள்.

வேதவல்லி தாவி ஏறியதும், மூன்று பேரும் ஒரே சமயத்தில் "அப்பாடா" என்றார்கள்.