ஃபில்டரில் கிடந்தது

மூன்று மாதமாகத் திறக்காத வேக்வம் கிளீனர் இழுக்க மறுத்தது. ஃபில்டரைக் கழுவிப் பார்க்கலாமென்று ஜெகதீசன் அதைப் பால்கனிக்கு எடுத்துப் போய், பழைய செய்தித்தாளை விரித்துத் தட்டினார். அடைபோல ஒரு கனத்த துண்டு விழுந்தது. தூசியைவிட முடிதான் அதிகம். எல்லாம் அவருடைய சுருட்டை முடி.

கீமோ தொடங்கிய மாதத்தில் அவர் எழுந்திருக்கும் முன்பே மனைவி சாருமதி வீடு முழுக்க மெஷின் போட்டுவிடுவாள். கேட்டால், “அப்படி ஒண்ணும் கொட்டலைங்க” என்பாள். தலை முழுக்க மொட்டையான பிறகும் அதையேதான் சொன்னாள்.

ஃபில்டரைக் கழுவித் துணிக்கொடியில் மாட்டப் போனார்.

“அதுல போடாதீங்க!” என்று சாருமதி ஓடிவந்தாள்.

கொடியின் கோடியில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டிக்கொண்டிருந்தது. அதற்காகத்தான் பத்து நாளாகத் துணிகள் நாற்காலிகளில் காய்ந்தன. ஏனென்று அவர் கேட்டதில்லை.

அப்போதுதான் சாருமதி செய்தித்தாளைப் பார்த்தாள். முகம் மாறியது. சட்டென்று அதைச் சுருட்டக் குனிந்தாள். அதற்குள் கட்டைவிரல் அளவேயிருந்த அந்தச் சிட்டு விர்ரென்று இறங்கியது. அடையிலிருந்து ஒரு முடியை உருவி எடுத்து, பறந்துபோய்க் கூட்டுக்குள் வளைத்து வைத்தது. திரும்பி வந்தது. இன்னொன்றை எடுத்தது.

சாருமதி தாளை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

பிறகு ஜெகதீசன் மெல்லத் தரையில் உட்கார்ந்தார். தூசியை ஊதி ஒதுக்கி, முடிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வைக்க ஆரம்பித்தார்.

“இன்னும் எவ்வளவு வேணும்மா?” என்று கூட்டைப் பார்த்துக் கேட்டார்.