தாத்தாவின் தொலைநோக்கு

"சார், அந்த ஒரு வரியை எடுத்துடலாம். இல்லேன்னா செனட் சீட்டே போயிடும்" என்று கெஞ்சினாள் டோரீன். வேட்பாளர் பிரென்டிஸ் லாத்ராப்புக்கு மேடைப்பேச்சு எழுதித் தருவது பக்கத்து ஊர்க்காரியான அவள் வேலை. வெளியே அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தின் அந்தச் சிறு நகரமே திரண்டிருந்தது.

"விளையாடுறியா? கைதட்டலே அங்கதான் விழும்!" லாத்ராப் உரக்கப் படித்தார். "'இந்த ஊரில் ஒருவருக்கும் புற்றுநோய் இல்லாத காலத்திலேயே புற்றுநோய் மருத்துவமனை கட்டினார் என் தாத்தா!' எப்பேர்ப்பட்ட தொலைநோக்கு!"

"அவருக்கு மட்டும் எப்படி முன்னாடியே தெரிஞ்சுதுன்னு கேப்பாங்க சார்."

"எப்படித் தெரிஞ்சுது?"

"அதே வருஷம்தான் ஆத்தங்கரையில உங்க சாய ஃபேக்டரியைத் திறந்தார். கழிவு பூரா ஆத்துலதான். ஊரே குடிச்ச தண்ணி."

லாத்ராப்பின் முகம் வெளுத்தது. "நல்லவேளை சொன்னே, அடிச்சிடு. தாத்தா பேச்சே வேண்டாம். நான் செய்யப்போறதைச் சொல்லிடுவோம்."

டோரீனுக்கு உயிர் வந்தது. பேனாவைத் திறந்தாள். "சொல்லுங்க சார்."

"குழந்தைங்களுக்குன்னே ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரி. அடுத்த மாசம் அடிக்கல்."

"அருமை சார்! எந்த ஊர்ல?"

"உங்க ஊர்லதான். சந்தோஷம்தானே?"

டோரீனின் பேனா நின்றது.

"சார்... எங்க ஊர் ஆத்தங்கரையில என்ன திறக்கப்போறீங்க?"